நீவெஸ் படுத்துப் பார்த்த கூரைகள்

இத்தாலியில் கடலோர மீன்பிடி ஊரான எங்கள் கியோஜ்ஜாவில் நீவெஸ் படுத்துப் பார்க்காத கட்டில் குறைவு. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் கண்ணடிப்பார்கள். அடிக்கட்டும். பங்குச் சாமியாரின் கட்டிலில்கூட அவள் படுத்திருக்கிறாள். பட்டப்பகலில், காலணியைக் கழற்றிவைத்துவிட்டு, சாமியார் கதவோரம் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்க, கால்மணி நேரம் மல்லாந்து கிடந்தாள். பிறகு எழுந்து, "சாமி, இந்த வெண்ணெய் நிறம் வேண்டாம். காலையில கண்ணு முழிச்சதும் மஞ்சக்காமாலை வந்துடுச்சோன்னு பயந்துடுவீங்க" என்றாள். அவர் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் நின்றிருந்தார்.

அவள் பெயின்டர். சுவருக்கு நிறம் கேட்டால் நின்ற இடத்தில் சொல்லிவிடுவாள். சீலிங் என்றால் மட்டும் படுத்துப் பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டாள். "நிக்கிறவன் எவன்யா சீலிங்கைப் பாக்குறான்? தூக்கம் வராதவன் பாக்குறான். காய்ச்சல்காரன் பாக்குறான். பிள்ளை பெத்துப் படுத்திருக்கிறவ பாக்குறா. அவங்க கிடக்கிற இடத்துல நாமளும் கிடந்து பாத்தாத்தானே தெரியும்?" என்பாள். யார் எந்தப் பக்கம் தலைவைப்பார்கள், எத்தனை மணிக்கு விழிப்பார்கள் என்று போலீஸ்காரியைப்போல் விசாரிப்பாள். விடிகாலையில் விழிக்கிறவர் என்றால் விடிகாலையில் வந்து அவர் கட்டிலில் படுப்பாள். புருஷன்மார் சிரிப்பார்கள், பெண்டாட்டிமார் முறைப்பார்கள். அவள் இரண்டையும் கண்டுகொள்ளமாட்டாள்.

நான் எல்வியோ. மீன் சந்தைக்குப் பின்னால் பெயின்ட் கடை வைத்திருப்பவன். எனக்குக் கோபம் வரும் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. ஏன் வராது? ஷேட் கார்டை விரித்துவைத்துக்கொண்டு "இந்த வெள்ளையா, அந்த வெள்ளையா" என்று முக்கால் மணி நேரம் மூக்கால் அழுகிறவர்களுக்கு நடுவில் முப்பது வருஷம் நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும். என் கட்சி ஒன்றேதான்: சீலிங்குக்கு வெள்ளை. அடி, காயட்டும், போ. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி நானும் விற்றேன், ஊரும் வாங்கியது. நீவெஸ் ஒருத்திதான் கடைக்குள் நுழையும்போதே, "வந்துட்டேன்யா, பால்காரா" என்று கத்திக்கொண்டு வருவாள்.

அவள் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்துமூன்று வயதில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு முதுகெலும்பில் காசநோய் வந்தது. கடற்கரை ஆஸ்பத்திரி ஒன்றில் கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு எட்டு மாசம் படுக்கவைத்தார்கள். புரளக் கூடாது. அவளுக்கு மேலே கிரீம் நிற எனாமல் அடித்த சீலிங், குறுக்கே ஒரு விரிசல், ஒரு குண்டு பல்பு. ஒரே ஒருமுறைதான் இதை என்னிடம் சொன்னாள், கடைவாசலில் சிகரெட்டோடு. "எட்டு மாசம், எல்வியோ. எங்கம்மா முகத்தைவிட அந்த நிறத்தைத்தான் அதிகம் பாத்திருக்கேன். அதைத் தேர்ந்தெடுத்தவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அங்க வந்து மல்லாந்து படுத்திருந்தான்னா அந்த நிறத்தை அடிச்சிருப்பானா?" அந்த வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்கு எனாமல் அனுப்பியவர் என் அப்பா என்பதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

எழுந்து நடந்ததும் அவள் ஆலைக்குத் திரும்பவில்லை. பிரஷைப் பிடித்தாள். நல்ல உயரம், மாலுமி மாதிரி தோள், சைக்கிளுக்குப் பின்னால் ஏணி கட்டிய வண்டி. சாரத்தில் நின்று பாடுவாள். அந்தப் பாட்டைக் கேட்டால் சுவரில் இருக்கிற பழைய பெயின்ட் தானே உரியும். ஊருக்கெல்லாம் நிறம் சொல்கிறவள் வீட்டு சீலிங் மட்டும் நிறமே அடிக்காமல் வெறும் சிமென்ட் பூச்சோடு நின்றது. கேட்டால், "இன்னும் முடிவு பண்ணல" என்பாள். இருபத்தெட்டு வருஷமாக முடிவு பண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்ல வந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷம் நவம்பரில் நடந்தது. அதில் முதல் தப்பு என்னுடையது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பெரிய கால்வாயின் கரையில், மீன்பிடிப் படகுகளைக் கட்டிவைக்கும் வரிசையில், சாந்தே பொஸ்கோலோவின் வீடு. எங்கள் ஊரில் பாதிப் பேர் பொஸ்கோலோ என்பதால் அந்தப் பேரை விட்டுவிடுங்கள். எல்லாரும் அவரைப் பரோன் சாந்தே என்பார்கள். சொந்தப் படகு வைத்திருப்பவருக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை அது. அந்த வரிசையில் ஒரு வழக்கம்: அவரவர் படகு அவரவர் வீட்டு வாசலுக்கு நேரே. வாசலைத் திறந்தால் படகின் பக்கவாட்டுப் பலகை மூக்கில் இடிக்கும். பரோனின் மனைவி ஜில்தா இறந்து எட்டு வருஷம். அதன்பிறகு மகன் லோரிஸ் கல்யாணம் செய்துகொண்டான். பெண் மிரெல்லா, கோதுமை விளையும் சமவெளி ஊர்க்காரி, கடலையே கல்யாணத்துக்கு வந்தபோதுதான் கிட்டத்தில் பார்த்தவள். தங்கமான பெண். ஆனால் மாமியார் இல்லாத வீடு, இது இப்படி, அது அப்படி என்று சொல்ல ஆள் கிடையாது.

அந்த ஆகஸ்டில் பரோனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது, பேச்சும் போனது. காது அதற்கு முன்பே போயிருந்தது, நாற்பது வருஷம் எஞ்சின் பக்கத்தில் நின்ற காது. செப்டம்பர் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் கால்வாயைப் பார்த்த முன்னறையில் படுக்கவைத்தார்கள். படகை லோரிஸ் ஓட்டினான். இருட்டோடு கிளம்பி, மதியத்துக்கு மேல் மூன்று மணி வாக்கில் திரும்புவான். அக்டோபர் முழுக்கப் பரோன் நன்றாகத்தான் இருந்தார். மதியச் சாப்பாட்டை மட்டும் நேரத்துக்கு வாங்கமாட்டார், மூன்று மணிக்குத் தானே வாயைத் திறப்பார். "வயித்துக்குள்ள கடிகாரம் வெச்சிருக்கார் மாமா" என்று மிரெல்லா சிரிப்பாளாம்.

பிறகு ஏதோ பரிசோதனைக்காக அவரை ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரத்தில் மிரெல்லா என் கடைக்கு வந்தாள்.

"எல்வியோ, மாமா ரூம் சீலிங் பாக்க சகிக்கல. அழுக்குச் சாம்பல். அவர் திரும்பி வரதுக்குள்ள பளிச்சுனு ஆக்கணும். நீங்கதான் சொல்லணும்."

அந்த வரிசை வீடுகளின் சீலிங் எல்லாமே அந்த அழுக்குச் சாம்பல்தான். அடுப்புப் புகை படிந்தது என்று நான் நினைத்திருந்தேன். கஞ்சப் பயல்கள், ஒரு டப்பா வெள்ளை வாங்க மனசில்லை என்றும் நினைத்ததுண்டு.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வெள்ளை எனாமல். பளபளன்னு இருக்கும், துடைச்சா போயிடும். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம்" என்று இரண்டு டப்பாவை எடுத்து வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரிஸே அடித்து முடித்தான். கூடவே ஒரு டியூப் லைட்டும் மாட்டினார்கள். அப்பா ஒரு நிமிஷம்கூட இருட்டில் கிடக்கக் கூடாதென்று பகலிலும் அது எரிந்தது.

பரோன் திரும்பி வந்தார். மேலே பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொள்வார், சூப்பு கொடுத்தால் துப்புவார். நல்ல கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடிப்பார். பத்து நாளில் மனிதர் எலும்பும் தோலுமாகிவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மூளையில இன்னும் ஏதோ போயிருக்கு. வீட்டுல வெச்சுப் பாக்க முடியாது. மாசக் கடைசியில முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியாகுது, எழுதிடட்டுமா?" என்று கேட்டார். அந்த இல்லம் உள்நாட்டில், அறுபது கிலோமீட்டர் தள்ளி. கால்வாய் கிடையாது, கடல் கிடையாது, சுற்றிலும் சோளக்கொல்லை. லோரிஸ் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

மிரெல்லாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "பத்து நாள் இருக்கே. ஒருவேளை ரூம் பிடிக்கலையோ என்னவோ, நல்ல நிறமா மாத்திப் பாப்போம்" என்று நீவெஸைக் கூப்பிட்டாள். நீவெஸ் எனக்கு போன் செய்தாள்.

"பால்காரா, கடையை மூடிட்டு உன் அட்டைக் கட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வா. உன் கைவேலையைக் காட்டுறேன்."

போனேன். திட்டிக்கொண்டேதான் போனேன். மாடியறையில் நுழைந்ததும் எனக்கே கண் கூசியது. மேலே பளபளவென்று வெள்ளை, அதில் டியூப் லைட் இரண்டாகத் தெரிந்தது. கீழே, கட்டிலில், பரோன் சாந்தே. கடலில் நாலு பேர் இழுக்கும் வலையைத் தனியாக இழுத்த மனிதர் சுவரைப் பார்த்து ஒரு மூட்டையாகக் கிடந்தார்.

நீவெஸ் அட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பக் கட்டையின் நுனியில் குத்தி மேலே தூக்கிக் காட்டினாள். வான நீலம். பரோன் ஒரு கண்ணால் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று அர்த்தம். இளம்பச்சை. மூடினார். பீச் பழ நிறம். மூடினார். நாற்பது அட்டை. நான் பொறுமையிழந்து, "மனுஷனுக்கு எதுவும் பிடிக்கல, விடு" என்றேன்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நான் இன்னும் படுக்கவே இல்ல" என்றாள் நீவெஸ். மிரெல்லாவிடம் திரும்பி, "மாமா எத்தனை மணிக்கு ரொம்ப அடிச்சுக்கறார்?" என்று கேட்டாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குமேல."

மணி அப்போது இரண்டே கால். நீவெஸ் காலணியைக் கழற்றினாள். "தள்ளிப் படுங்க பரோன், நானும் வரேன்" என்று சொல்லி, அந்த இரட்டைக் கட்டிலில் ஒருகாலத்தில் ஜில்தா படுத்த பக்கம் ஏறி மல்லாந்து படுத்தாள். மிரெல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடவுளே, லோரிஸ் வந்தா என்ன சொல்லுவார்?" என்று என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பரோன் பத்து நாளில் முதல்முறையாகச் சுவரை விட்டு முழுசாகத் திரும்பி, பக்கத்தில் கிடப்பது யாரென்று பார்த்தார்.

"மிரெல்லா, அந்த டியூப் லைட்டை அணைம்மா."

அணைத்தாள். அறை மங்கியது. நீவெஸ் மேலே பார்த்தபடி கிடந்தாள். கட்டிலில் கிடந்தால் ஜன்னல் வழியாகக் கால்வாய் தெரியாது, வானம்தான் தெரியும், எப்போதாவது ஒரு கடற்புறா. மேலே வெள்ளைப் பரப்பில் ஜன்னலின் வெளிச்சம் ஒரு பளீர்க் கட்டமாகக் கண்ணைக் குத்தியது, அவ்வளவுதான். அவள் எழுந்து ஏணியில் ஏறி, பரோனின் முகத்துக்கு நேர் மேலே சுரண்டியால் ஒரு உள்ளங்கை அளவு எனாமலை உரித்தாள். பிறகு உப்புத்தாளால் அந்த இடத்தை ஓரம் சரிவாகத் தேய்த்தாள். பழைய பூச்சுகளை எண்ண பெயின்டர்கள் செய்கிற வேலை அது; ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும்.

"எல்வியோ, ஏறி வந்து பாரு."

ஏறினேன். ஒன்பது வளையம். ஒன்பதும் ஒரே சாம்பல். புறாக் கழுத்தடியில் இருக்குமே, அந்தச் சாம்பல், உள்ளே துளி நீலம். புகையும் இல்லை, அழுக்கும் இல்லை. சுண்ணாம்பில் கலந்து, தலைமுறை தலைமுறையாக யாரோ பார்த்துப் பார்த்து அதே நிறத்தை அடித்திருக்கிறார்கள். ஒரு தடவை என்றால் கஞ்சத்தனம். ஒன்பது தடவை என்றால்?

"கீழ இறங்கு. இறங்கி இப்படிப் படு" என்றாள். கட்டிலில் இடமில்லை. தரையில் படுத்தேன், என் வயசில், என் முதுகோடு.

அந்த உள்ளங்கை அளவு சாம்பலில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

எப்படிச் சொல்வேன்? தங்க நூல் வலை ஒன்று அந்தச் சின்ன வட்டத்துக்குள் விரிந்தது, சுருங்கியது, பின்னியது, அவிழ்ந்தது. கால்வாய்த் தண்ணீர். சாய்ந்த மதிய வெயில் தண்ணீரில் பட்டு, ஜன்னல் வழியாக மேல்நோக்கி ஏறி, சீலிங்கில் விழுந்து ஆடுகிறது. சுற்றியிருந்த என் பளபள வெள்ளையில் அதன் சுவடுகூட இல்லை. கருமையாக இருந்தால் அது விழுங்கியிருக்கும். வெள்ளை அதைக் கரைத்துவிட்டது. அந்தச் சாம்பலில் மட்டும் தண்ணீர் உயிரோடு இருந்தது. முப்பது வருஷம் நிறம் விற்றவன் நான், எனக்கு ஒரு மண்ணும் தெரியாதென்று அந்தத் தரையில் கிடந்து தெரிந்துகொண்டேன். மல்லாந்து படுத்துத் துப்பினால் மார்மேல்தான் விழும் என்பார்கள், விழுந்தது.

மேலே கட்டிலில் சட்டம் அடிபடும் சத்தம் கேட்டது. பரோன் நல்ல கையால் நீவெஸின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலில் அடித்துக்கொண்டிருந்தார். கண் அந்த வட்டத்தை விட்டு அகலவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"புரியுது பரோன், புரியுது. கையை உடைச்சுடாதீங்க, அதை வெச்சுத்தான் அடிக்கணும்" என்றாள் நீவெஸ்.

மறுநாளிலிருந்து என் கடையில் ரகளை. அந்த வருஷம்தான் நிறம் கலக்கும் இயந்திரம் வாங்கியிருந்தேன், ஊருக்கே பீற்றிக்கொண்டிருந்தேன். அது கலந்து கொடுத்த சாம்பலை நீவெஸ் பதினோரு தடவை திருப்பி அனுப்பினாள். அட்டையில் சரியாக இருக்கும், மேலே ஏறினால் இரண்டு படி கறுத்துவிடும். சீலிங்குக்குத் தன் வெளிச்சம் கிடையாது, தரையிலிருந்தும் விரிப்பிலிருந்தும் கடன் வாங்கித்தான் தெரிகிறது. பரோன் அறையில் சிவப்பு விரிப்பு கிடந்ததால் சாம்பல் ஊதாவாக மாறியது. "விரிப்பை எடுத்துடேன்" என்றேன். "அது ஜில்தா வாங்கினது. விரிப்பு இருக்கும், நிறம் மாறும்" என்றாள். கடைசியில் இயந்திரத்தை விட்டுவிட்டு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தாள். விளக்குக் கரி ஒரு கரண்டி, நீலம் அரைக் கரண்டி, சிவப்பை அடக்க ஒரு சிட்டிகை மஞ்சள் காவி. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு கோடு இழுப்பாள், காயவிடுவாள், இரண்டு மணிக்கு வந்து பரோன் பக்கத்தில் படுப்பாள். அவர் கண்ணை மூடினால் மறுபடி முதலிலிருந்து. ஏழாம் நாள் ஒரு கோட்டைப் பார்த்து அவர் கண்ணை மூடவில்லை. மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனாமலைச் சுரண்டி எடுத்து, அடித்து முடிக்க இரண்டு நாள். மாசக் கடைசிக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. அந்த இல்லத்திலிருந்து மறுநாள் காலை வண்டி வருவதாக ஏற்பாடு.

அன்றைக்கு மதியம் எல்லாரும் அந்த அறையில் இருந்தோம். மிரெல்லா கையில் மக்காச்சோளக் களியும் மீன் குழம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று தடவை சூடுபண்ணிவிட்டாள். பரோன் வாயைத் திறக்கவில்லை. நீவெஸ் அவர் பக்கத்தில். நான் தரையில், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

இரண்டு மணிக்கு மேல் வெயில் சாய்ந்தது. ஜன்னலோரத்தில் முதலில் ஒரு இழை. பிறகு இன்னொன்று. பிறகு சீலிங் முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. அம்மாடி! சுவர்முனையிலிருந்து சுவர்முனைவரை அந்தத் தங்க வலை வீசி வீசி இழுபட்டது. காற்று அடித்தால் பொடிப்பொடியாக உதிரும், அடங்கினால் நீண்டு ஓடும். கால்வாயில் ஒரு சின்ன ஓடம் போனால் அறை முழுக்க அலை உருண்டு வரும். நான் இந்த ஊரில் பிறந்தவன், அந்தத் தண்ணீரில் நீந்தியவன், சாக்கடை நாற்றம் என்று அதைத் திட்டியவன். அது இத்தனை அழகு என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மிரெல்லா தட்டைப் பிடித்தபடி வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதையா நான் பூசி அடைச்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

மணி மூன்றுக்கு ஐந்து நிமிஷம். சீலிங்கின் வலது ஓரம் திடீரென்று அணைந்தது. ஒரு நிழல் அங்கிருந்து நகர்ந்து, ஆடிக்கொண்டிருந்த வெளிச்சத்தை ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தது. பாதி, முக்கால், பிறகு முழுக்க. வெறும் சாம்பல் நிறம், அசையாமல், அமைதியாக. ஏதோ கெட்டது என்றே நினைத்தேன்.

பரோன் சாந்தே நீளமாக ஒரு மூச்சு விட்டார். தலையை மிரெல்லா பக்கம் திருப்பினார். வாயைத் திறந்தார்.

மிரெல்லா ஒரு வாய் ஊட்டினாள். மென்று விழுங்கினார். மறுபடி திறந்தார். நீவெஸ் கட்டிலை விட்டுக் குதித்து ஜன்னலுக்கு ஓடினாள். நானும் எழுந்து ஓடினேன். கீழே, வாசலுக்கு நேராக, தண்ணீரை முழுக்க மறைத்துக்கொண்டு லோரிஸின் படகு நின்றது. அவன் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது. மனிதர் அழகு பார்க்கக் கிடக்கவில்லை. வெளிச்சம் ஆடினால் பிள்ளை கடலில் இருக்கிறான். நின்றால் பிள்ளை கரையேறிவிட்டான். காதும் கேட்காமல், எழுந்து பார்க்கவும் முடியாமல் கிடந்த தகப்பனுக்கு அந்த ஒரு சேதிதான் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் இரண்டு டப்பா எனாமலில் அடைத்திருக்கிறேன்.

நீவெஸ் மாடி ஜன்னலிலிருந்து கத்தினாள்: "டேய் லோரிஸ்! நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லுடா! உங்கப்பன் திங்கிறார்டா!" படகிலிருந்து அவன் நிமிர்ந்து பார்த்தான். கயிறு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து என் மனைவி புரூனாவிடம் இதையெல்லாம் வியந்து வியந்து சொன்னேன். புரூனா அந்த வரிசையில் பிறந்தவள், மீனவர் மகள். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியுமே. எங்கம்மா வெளிச்சம் நின்னாத்தான் உலை வெப்பா. அந்த வரிசையில எல்லா வீட்டுலயும் அப்படித்தான். வெள்ளையடிச்சா தெரியாது, அதான் சாம்பல்."

"அடிப்பாவி! ஒரு தடவைகூட என்கிட்ட சொன்னதில்லையே!"

"உங்ககிட்ட மட்டுமா? எங்கப்பாவுக்கே தெரியாது. ஆம்பளைங்க வீட்டுக்கு வந்துட்டா படகு வாசல்ல நிக்கும். அண்ணாந்து பாத்தா ஒண்ணும் ஆடாது. சொன்னா பைத்தியக்காரின்னுவாங்க. எதுக்கு வம்பு?"

ஒன்பது பூச்சு. அந்தக் கூரையின் கீழ் வாழ்ந்து செத்த எந்தப் படகுக்காரனும் அதைப் பார்த்ததில்லை. அவன் இல்லாதபோது மட்டுமே அது ஆடியது.

பரோன் வீட்டிலேயே இருந்தார். வசந்தத்தில் கொஞ்சம் பேச்சும் திரும்பியது, கல்லைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. நீவெஸ் வாரம் ஒருநாள் இரண்டு மணிக்குப் போய்ப் பக்கத்தில் படுப்பாள். ஊர் சிரித்தது, மிரெல்லா காபி போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். மேலே தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. பரோன் வெகு நேரம் பார்த்துவிட்டுத் திக்கித் திக்கிச் சொன்னார்:

"நாப்பது... வருஷம். நான் வந்து... சத்தம் போடுவேன். ஏன் இன்னும் திங்காம... உக்காந்திருக்கே... கழுதைன்னு." மூச்சு வாங்கினார். "இதைப் பாத்துக்கிட்டு... இருந்திருக்கா... ஜில்தா."

நீவெஸ் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மிரெல்லா தட்டைக் கொண்டுவந்தாள். அவர் கண்ணை மூடி வேண்டாம் என்றார். வெளிச்சம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.